டிவிக்குப் பதிலாக ஒரு மானிட்டர்: டெல் எஸ்2721கியூஎஸ்

சிறிய அறையில் தனியாக இருப்பவர், வேலைக்கும் படம் பார்ப்பதற்கும் ஒரே திரையை வைத்துக்கொள்ள விரும்புவது இயல்பு. 2020-இல் வெளிவந்த டெல் எஸ்2721கியூஎஸ் என்னும் 27 அங்குல 4கே (2160 வரி) மானிட்டரை, டிவியின் இடத்தை அது எவ்வளவு நிரப்பும் என்ற ஒரே நோக்கில் இங்கே மதிப்பிடுகிறேன்.

தெளிவில் குறை சொல்ல இடமில்லை. 1080 வரிக் காணொளியின் ஒவ்வொரு புள்ளியும் இதில் சரியாக நான்கு புள்ளிகளாக விரிவதால், 1440 வரித் திரைகளில் பின்ன அளவில் நீட்டும்போது வரும் மென்மழுங்கல் இங்கு ஏற்படுவதில்லை. ஆனால் கேபிள் வழியே வரும் பழைய 576 வரி சேனல்களைப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். அவற்றைத் துலக்கிக் காட்டும் சில்லு டிவியில்தான் இருக்கிறது, மானிட்டர் வந்ததை வந்தபடியே பெரிதாக்கிக் காட்டும்.

என்னைப் பொறுத்தவரை, படம் பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது புள்ளிகளின் எண்ணிக்கையை அல்ல, கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது என்பதைத்தான். இது ஐபிஎஸ் என்னும் எல்சிடி வகைத் திரை. இதன் ஒளிமாறுபாட்டு விகிதம், அதாவது வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சமானது என்ற கணக்கு, 1300:1. விஏ என்னும் மற்றோர் எல்சிடி வகைத் திரைகளில் அது பொதுவாக 3000:1 அளவில் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி நிறைந்த படத்தைப் பார்த்தால், காட்சியில் உள்ள இருள் மட்டுமல்ல, அகலப்படத்தின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளும் சாம்பல் நிறமாகத் தெரியும். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் சமிக்ஞையை இது ஏற்றுக்கொள்கிறது என்றாலும், 350 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவிலான வெளிச்சமும் பகுதி பகுதியாக ஒளியைக் குறைக்கும் வசதியின்மையும் சேர்ந்து அதைப் பெயரளவிலேயே நிறுத்திவிடுகின்றன.

அடுத்தது அசைவு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்டது. நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் இந்த 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையுமாக மாறி மாறிக் காட்டப்படுவதால், கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் இடங்களில் படம் லேசாகத் திக்குகிறது. 24-ஆல் மீதியின்றி வகுபடும் 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் திரையில் இந்தத் தொல்லை எழ வேண்டியதில்லை.

ஒலிக்கு இரண்டு 3 வாட் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. செய்தி கேட்கலாம், பாட்டுக்குப் போதாது. ஒலி வெளியேறும் துளையில் தனி ஸ்பீக்கரை இணைத்துவிடுவதே நல்லது. ரிமோட் கிடையாது. இரண்டு எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றில் ஓடிடி ஸ்டிக்கையும் மற்றொன்றில் செட்-டாப் பாக்ஸையும் செருகலாம் என்றாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்த் திரையின் பின்புறம் கைவைக்க வேண்டும். கட்டிலில் சாய்ந்து பார்ப்பவருக்கு இதுவே பெரிய சலிப்பு.

மேசையருகே இரண்டு மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்து, பகலிலோ விளக்கொளியிலோ பார்ப்பவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இருட்டில் படம் பார்ப்பதே முதன்மை என்றால் 32 அங்குல விஏ மானிட்டரைத் தேடலாம். வீட்டில் நான்கு பேர் சேர்ந்து உட்காரும் கூடத்துக்கு 43 அங்குல டிவியே பொருத்தம்.