கிளான் ஊரின் வில்லா ரோஸ்: கட்டாயம் பாருங்கள்

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிப் பக்கம் போனால் இந்த அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். வெளியே ரோஸ் நிற வீடு. கிட்டப் போனால்தான் ஜன்னல்கள் சுவரில் தீட்டியவை என்று தெரிகிறது. உள்ளே, 1940 காலத்துப் பீரங்கி அரண்! பக்கத்தில் டாங்கிகளை மறிக்கும் கான்கிரீட் பற்கள், முக்கோணமான டோப்லரோன் சாக்லேட் வடிவில் வரிசையாக. எந்தப் போரிலும் பக்கம் சேராத, 1815-இல் வல்லரசுகள் ஒப்புக்கொண்ட நடுநிலையை சுவிஸ் வெறும் காகிதத்தில் விட்டுவைக்கவில்லை.

2022-இல் ரஷ்யா மீதான ஐரோப்பியத் தடைகளை ஏற்ற அதே நாடு, நடுநிலையைக் காட்டி, தன்னிடம் வாங்கிய குண்டுகளை ஜெர்மனி உக்ரைனுக்குத் தர அனுமதிக்கவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் இந்தச் சுவர்களைப் பார்த்தபின் அவர்கள் பிடிவாதம் புரிகிறது.

சில நாட்கள்தான் திறப்பார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். அப்புறம், நடக்க நல்ல ஷூ வேண்டும்.