ஆக்சிஜனோடு ஊர் சுற்றிய அத்தை: மெஷின், சிலிண்டர், லாட்ஜ் இரவுகள் பற்றிய எங்கள் அனுபவம்

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் பெரியவர்களை வெளியூர் கூட்டிப் போக நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த போர்ட்டபிள் மெஷின் வாங்கலாம்?" என்றுதான். சில வருஷங்களாக அத்தையை, அதாவது என் கணவரின் அம்மாவை, மதுரையிலிருந்து குற்றாலம், திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று கூட்டிப் போய் வந்த பிறகு நான் சொல்வது இதுதான்: பகலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பகல் சுலபம். ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும்வரை ஆக்சிஜன் எதிலிருந்து வரும்? நடுவில் கரண்ட் போனால் எதிலிருந்து வரும்? இந்த இரண்டுக்கும் பதில் கையில் இருந்தால்தான் நாங்கள் தேதியே குறிப்போம்.

அத்தைக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்ட மூச்சுத்திணறல் தரும் நுரையீரல் நோய். வீட்டில் யாருக்கும் பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. காற்று வராத சமையலறையில் காலமெல்லாம் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்த நுரையீரல் அவருடையது. டாக்டர் எழுதிக் கொடுத்தது நிமிடத்துக்கு 2 லிட்டர். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரில் 88-லிருந்து 92 சதவீதத்துக்குள் நின்றால் போதும் என்றார். இந்த 92 என்ற மேல்வரம்பு ரொம்ப முக்கியம். சிஓபிடி உள்ள சிலருக்குத் தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி, அரைத் தூக்கத்தில் கிறங்கிப் போவார்கள். ஊருக்குப் போன இடத்தில் பாசமாகப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள், "பாவம், இப்படி மூச்சு வாங்குதே, கொஞ்சம் கூட்டி வைங்க" என்பார்கள். மெஷின் மேல் '2-க்கு மேல் வைக்க வேண்டாம், டாக்டர் உத்தரவு' என்று எழுதி ஒட்டிய பிறகு அந்தப் பேச்சு நின்றது.

எங்களிடம் இரண்டு மெஷின் உண்டு. ஒன்று வீட்டு கான்சன்ட்ரேட்டர், 5 லிட்டர் வகை. சுமார் 15 கிலோ, 350 வாட் இழுக்கும். இன்னொன்று தோளில் மாட்டும் போர்ட்டபிள், பேட்டரியோடு இரண்டேகால் கிலோவுக்குள். வேலை செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றுதான்: அறைக் காற்றை அழுத்தி ஜியோலைட் குருணைகள் வழியாக அனுப்பும், அவை நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் வெளியே வரும். வித்தியாசம் அதைக் கொடுக்கும் முறையில். வீட்டு மெஷின் ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கும். சிறிய மெஷின் பல்ஸ் முறை. நாம் மூச்சை இழுக்கும் நொடியை உணர்ந்து அப்போது மட்டும் ஒரு வீச்சு கொடுக்கும்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, போர்ட்டபிளில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் லிட்டர் அல்ல. வீட்டில் 2 லிட்டர் வைப்பவருக்கு இதில் 2 போதும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அதே மெஷினை மாட்டிவிட்டு ஆறு நிமிடம் நடக்க வைத்து, நடந்துகொண்டிருக்கும்போதே ஆக்ஸிமீட்டரைப் பாருங்கள். அத்தைக்கு உட்கார்ந்தால் 2 போதும், நடந்தால் 3 வேண்டும் என்பது டாக்டர் முன்னால் நடந்து பார்த்ததில்தான் தெரிந்தது. '2-க்கு மேல் வேண்டாம்' என்ற சீட்டு வீட்டு மெஷினுக்கு மட்டும். இரண்டாவது, தூக்கம். வாயால் மூச்சு விடுபவருக்கும், மூச்சு மேலோட்டமாகப் போகிறவருக்கும் பல்ஸ் மெஷின் மூச்சைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடலாம். அத்தை வாயைத் திறந்துகொண்டு தூங்குபவர். அதனால் எந்த ஊர் போனாலும் ராத்திரிக்குப் பெரிய மெஷின் வேண்டும்.

பெரிய மெஷினைக் காரின் பின்னால் நிமிர்த்தி வைத்து பெல்ட் போட்டுக் கட்டிக் கொண்டு போகிறோம். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் அதை ஓட்ட முடியாது. போர்ட்டபிளுக்குக் கார் சார்ஜர் இருப்பதால் வழியெல்லாம் அது ஓடும். குற்றாலம் மதுரையிலிருந்து 160 கிலோமீட்டர் சுமார். ராஜபாளையத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போதும் பேட்டரி நிறைந்தே இருக்கும்.

லாட்ஜுக்கு போன் செய்து நான் கேட்பது ஜெனரேட்டர் இருக்கிறதா, அது அறையின் ப்ளக் பாயின்ட்டுக்கும் வருமா, தரைத்தளத்தில் அறை கிடைக்குமா என்பதை. "பேக்கப் இருக்குங்க" என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் அது ஒரு ஃபேனுக்கும் லைட்டுக்குமான இன்வெர்ட்டர். 350 வாட் மெஷினை விடியும்வரை தாங்காது. அதனால் எந்த லாட்ஜாக இருந்தாலும் ஒரு பி டைப் சிலிண்டர் கூடவே வரும். கருப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, ஒரு ஆள் சிரமப்பட்டுத் தூக்கும் எடை. 10 லிட்டர் கொள்ளளவில் 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். அழுத்தம் காட்டும் முள் பாதியில் நின்றால் நேரமும் பாதி. இந்தக் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், பத்தாவது படிக்கும் பேரன் உட்பட. சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து அளவாக விடும் ரெகுலேட்டர், ஸ்பேனர், உபரி வாஷர், கூடுதல் மூக்குக் குழாய் எல்லாம் ஒரே பையில். வெளியூரில் சிலிண்டர் கிடைத்துவிடும், அதற்குப் பொருந்தும் ரெகுலேட்டர்தான் கிடைக்காது.

ஒருமுறை கார் சின்னது என்பதால் பெரிய மெஷினை விட்டுவிட்டு, போகும் ஊரிலேயே வாடகைக்குச் சொல்லியிருந்தோம். வந்த மெஷின் சத்தமாக ஓடியது, அதன் தண்ணீர் பாட்டிலில் குமிழி வந்தது, எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் அத்தைக்கு 86-ஐத் தாண்டவே இல்லை. சிலிண்டருக்கு மாற்றியதும் சில நிமிடத்தில் 90. மெஷினிலிருந்து வந்த காற்றில் ஆக்சிஜன் குறைவு, அவ்வளவுதான். கடைக்காரர் "போன வாரம்தான் சர்வீஸ் பண்ணினோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது விற்ற மலிவு மெஷின்களில் ஒரு வகை உண்டு: '1 முதல் 7 லிட்டர்' என்று போட்டிருக்கும், 1 லிட்டரில் 90 சதவீதம் தரும், அளவைக் கூட்டக் கூட்டத் தூய்மை சரிந்துவிடும். அவை இன்னும் வாடகையில் சுற்றுகின்றன. வாடகைக்கு எடுத்தால் ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் அனலைசர் வைத்து உங்கள் கண் முன்னால் தூய்மையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

குற்றாலத்தில் பேரருவிக்கு முன்னால் சாரல் படாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்போம். மெஷினுக்குள் ஈரம் போகக் கூடாது. ஜியோலைட் தண்ணீரைக் குடித்துவிட்டால் நைட்ரஜனைப் பிடிக்காது. முதல் தடவை அத்தை வெட்கப்பட்டார். "ஏம்மா, மூக்குல குழாயோட போய் உக்காந்தா சனம் அருவியப் பாக்குமா, என்னையப் பாக்குமா?" என்றார். பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி வந்து, இது என்ன மெஷின், எங்கே கிடைக்கும், என் மகனுக்கும் மூச்சு வாங்குது என்று விசாரிக்க, அரை மணி நேரம் அத்தைதான் விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகு குழாயை மறைக்கச் சேலை முந்தானையை இழுத்துவிடுவது நின்றது. குளிர்ந்த காற்றில் விரல் சில்லிட்டால் ஆக்ஸிமீட்டர் குறைவாகக் காட்டும். பதறுவதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

கோயிலுக்குப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதைப் பல மடங்கு வேகமாக்கும். குழாயிலிருந்து கசியும் ஆக்சிஜன் சேலையிலும் முடியிலும் தங்கியிருக்கும். கற்பூரத் தட்டு முகத்தருகே வந்தால் ஆபத்து. திருச்செந்தூரில் அத்தை பின்னால் தள்ளி உட்கார்ந்து கும்பிடுவார். ஆரத்தியை நான் தொட்டு வந்து அவர் கண்ணில் ஒற்றுவேன். நெய் விளக்கை அவர் கையால் ஏற்றுவதும் கிடையாது. குழாய் உரசி மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெய், வாசலின் தடவும் பழக்கத்தையும் விட வேண்டும். எண்ணெய் இல்லாத, தண்ணீர் அடிப்படையிலான ஜெல்தான் சரி. வாடகைக் கார் டிரைவருக்குச் சிகரெட் பழக்கம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

ரயிலில் டாக்டர் சான்றிதழோடு நோயாளியின் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுபோக ரயில்வே விதி அனுமதிக்கிறது. ஆனால் இருக்கைப் பக்கத்து சாக்கெட் செல்போனுக்கானது, பெரிய மெஷினுக்கு ஆகாது. இரவு வண்டியை நாங்கள் தவிர்க்கிறோம்.

விமானத்தில் ஒருமுறை டெல்லி போனோம், பேத்தி கல்யாணத்துக்கு. சொந்த சிலிண்டரை ஏற்ற விடமாட்டார்கள். அனுமதிக்கப்பட்ட போர்ட்டபிள் மெஷினுக்குத் தடையில்லை. டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவப் படிவத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். பறக்கும் நேரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு பேட்டரி இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. உபரி பேட்டரி கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி மலை மேல் இருப்பதற்குச் சமமாக இறங்கலாம். கீழே 15 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பது போல. அதனால் விமானத்துக்கு எந்த அளவு வைக்க வேண்டும் என்று டாக்டரிடம் தனியாக எழுதி வாங்கினோம். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் என்பதால் அங்கேயும் இதே பிரச்சினைதான். விமானம் மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். மலையில் ராத்திரி தங்க வேண்டும். அத்தைக்கு ஆசை இருந்தும் டாக்டர் வேண்டாம் என்றார், நாங்கள் வற்புறுத்தவில்லை.

மெஷின் நாளடைவில் எப்படி உழைக்கிறது என்று கேட்டால்: போர்ட்டபிளின் பேட்டரி முதல் வருஷம் போல இப்போது நிற்பதில்லை. விளம்பரத்தில் சொல்லும் மணி நேரம் எப்போதும் மிகக் குறைந்த அளவுக்கானது. 3-ல் வைத்தால் அதில் பாதிகூட வராது. ஜியோலைட் அடங்கிய உருளைகளை ஒருமுறை மாற்றினோம், செலவு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். மாதக்கணக்கில் சும்மா வைத்தால் அது சீக்கிரம் கெடும். வாரத்தில் சில மணி நேரமாவது ஓடவிடுங்கள். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்துப் போட வேண்டும்.

போர்ட்டபிளின் விலை இரண்டு லட்சத்துக்கு மேல். முதல் பயணத்துக்கே வாங்க வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வாடகைக்கு எடுத்து, வீட்டிலேயே மாட்டி, மாடிப்படி ஏறவிட்டு, கடைத்தெரு வரை நடத்திப் பாருங்கள். பெரியவருக்கு அந்தச் சத்தமும் எடையும் ஒத்துவருகிறதா என்று அவரிடமே கேளுங்கள். அத்தை மூன்று மாடல்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் வாங்க நினைத்ததை வேண்டாம் என்றார். தோளில் வாரை அவரே மாட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான் இன்றுவரை ஓடுகிறது.