35 லிட்டர் மின் ப்ரூயிங் பாத்திரம்: சிங்கப்பூர் சமையலறையில் நீண்ட நாள் பயன்பாடும் மேம்பாடும்

பீர் காய்ச்ச மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) ஊறவைப்பது, வடிப்பது, கொதிக்கவைப்பது, ஆற்றுவது எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் முடிக்கும் மின் இயந்திரங்களைப் பற்றி எழுதுபவர்களில் பலர் குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள். குழாயைத் திறந்தால் அவர்களுக்குச் சில்லென்ற தண்ணீர் வரும், கொதி ஆவியைக் கராஜிலிருந்து வெளியே விட்டுவிடலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் இந்த இரண்டு வசதியும் கிடையாது. அதனால் எந்த உதிரிப் பாகத்துக்கு முதலில் காசு செலவழிப்பது என்ற வரிசை இங்கே வேறு. கடைக்காரர் முதலில் காட்டுவது வைஃபை கன்ட்ரோலராக இருக்கும். அது கடைசியில் வாங்க வேண்டியது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 18 வயது நிரம்பியவர் சொந்தத் தேவைக்காக, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்ச சிங்கப்பூர்ச் சட்டம் அனுமதிக்கிறது. விற்கக்கூடாது, வாலை வடிக்கக்கூடாது. 35 லிட்டர் பாத்திரத்தில் ஒரு தடவைக்கு 20 லிட்டர் பீர் கிடைக்கும். 65 லிட்டர் மாடலுக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு இந்த வரம்பே பதில்.

மின்சாரம்: 2400 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 10.4 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக் தாங்கும், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் சுமை இது. எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். அரை மணி நேரம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். பாத்திரத்தின் அடியில் செருகும் கேபிள் முனை தளர்ந்தாலும் இப்படித்தான் கருகும். அந்த முனையில் வோர்ட் (மால்ட்டிலிருந்து வடித்த இனிப்பு நீர்) சொட்டினால், மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி உடனே விழும். அதன் வேலையே அதுதான், எரிச்சல்பட்டுப் பயனில்லை. முனையைத் துடைத்து நன்றாக உலர்த்திய பிறகே திரும்பப் போடவும்.

அடிப்படைக் கணக்கு இது. 5 கிலோ மால்ட்டுக்கு மாஷ் தண்ணீர், அதாவது ஊறவைக்கும் தண்ணீர், 18 லிட்டர் (கிலோவுக்கு 3 லிட்டர், மால்ட் இருக்கும் கூடைக்கு அடியில் நிற்கும் 3 லிட்டர்), ஊறிய மால்ட்டின் மேல் ஊற்றி அலசும் ஸ்பார்ஜ் தண்ணீர் 12 லிட்டர், 75 டிகிரியில். மால்ட் சுமார் 4 லிட்டரைக் குடித்துவிடும். கொதிக்கு முன் 26 லிட்டர், ஒரு மணி நேரக் கொதிக்குப் பின் 23. ஆறும்போது சுருங்கி 22, அடிக்கசடு போக 20. மால்ட்டிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுக்கும் திறன் 72 சதவீதம் வந்தால் தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் வோர்ட்டின் அடர்த்தி, தண்ணீருக்கு 1.000) 1.050 பக்கம் நிற்கும். 28 டிகிரித் தண்ணீர் 70 டிகிரிக்கு ஏற 25 நிமிடம், மாஷ் முடிந்து கொதி வர இன்னொரு அரை மணி. கழுவுவதையும் சேர்த்தால் ஒரு தடவைக்கு 6 யூனிட் மின்சாரம் ஆகும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமி நீக்கத்துக்குக் குளோரமைன் சேர்க்கிறது. குளோரினைப் போல ஓரிரவு திறந்து வைத்தால் இது போகாது. போகாமல் மால்ட்டோடு சேர்ந்தால் பீரில் பிளாஸ்திரி வாடை அடிக்கும். 30 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையை (சல்ஃபைட் மாத்திரை) நுணுக்கிக் கலக்கினால் சில நிமிடங்களில் தீர்ந்தது.

இனி இயந்திரத்தின் உண்மையான பலவீனம்: அடித்தட்டு. சூடேற்றும் எலிமென்ட் தட்டின் கீழே ஒட்டியிருப்பதால் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் மால்ட் மாவு நேராக அந்தச் சூட்டின் மேல்தான் படிகிறது. பருப்பு அடிப்பிடிப்பது போலத்தான் இதுவும், வாடை முழுப் பாத்திரத்துக்கும் ஏறிவிடும். தீய்ந்த வோர்ட்டைக் காப்பாற்ற வழியில்லை. அதிலும் வெளிர் நிற பீர் என்றால் முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும்.

இது நடக்க இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, மில் இடைவெளி, அதாவது மால்ட்டை அரைக்கும் உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. 0.9 மில்லிமீட்டரில் அரைத்தால் திறன் கூடும் என்பது பழைய மூன்று பாத்திர முறைக்குப் பொருந்தும். இங்கே 1.2 மில்லிமீட்டர் வைப்பதே நல்லது. கோதுமையோ ஓட்ஸோ கால் பங்குக்கு மேல் போனால் 200 கிராம் கழுவிய நெல் உமி சேர்க்கவும். உமி, கூடையில் உள்ள மால்ட் படுகையைத் தளர்த்தி வோர்ட்டுக்கு வழிவிடும்.

இரண்டாவது காரணம் பம்ப் வேகம், பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பம்ப்பை முழுவதும் திறந்துவிட்டால் மேலே விழும் வோர்ட், படுகை வழியாக இறங்கும் வேகத்தை மிஞ்சிவிடும். படுகை இறுகும், மட்டம் ஏறும், மிச்சம் நடுவில் உள்ள வழிவுக் குழாய் வழியாக மால்ட்டைத் தொடாமலே கீழே போய்விடும். அந்தக் குழாயும் அடைபட்டால் கூடைக்கு மேலே குளமும் அடித்தட்டில் வறட்சியும்தான். வறண்ட தட்டு சில நிமிடங்களில் தீய்ந்து, அடியில் இருக்கும் வெப்பத் துண்டிப்பான் விழும். அதை மீட்டமைக்கும் பித்தான் பாத்திரத்தின் அடிப்பாகத்தில் இருப்பதால், 20 லிட்டர் சூடான வோர்ட்டோடு பாத்திரத்தைச் சாய்க்க யாராவது முயல்வார்கள். கூடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கி, வோர்ட்டை வாளியில் இறக்கி, தட்டைச் சுரண்டிவிட்டு அப்புறம் அழுத்தவும்.

ஆகவே முதல் மேம்பாடு மிக மலிவானது: சுழற்சிக் குழாயில் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பால் வால்வு (ball valve), ஏற்கெனவே இல்லையென்றால். மால்ட்டைக் கொட்டிக் கிளறிய பின் 10 நிமிடம் பம்ப் போடாமல் விடுங்கள். பிறகு மெதுவாகத் திறந்து, குழாய் முனையை அளவு ஜாடியில் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு மேல் வரக்கூடாது. மேல் சல்லடைக்கு ஒரு விரற்கடை மேலே வோர்ட் நின்று, வழிவுக் குழாயில் எதுவும் விழாமல் இருந்தால் சரியான வேகம். மட்டம் மெல்ல ஏறினால் பம்ப்பை நிறுத்தி, சல்லடையை எடுத்து, அடிவரை ஒருமுறை கிளறிவிடவும். பம்ப் சத்தம் சீரான முனகலிலிருந்து கரகரப்பாக மாறினால் அடியில் வோர்ட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், திரையைப் பார்க்கவே வேண்டாம். மாஷ் முழுக்கச் சிறிய 500 வாட் எலிமென்ட் மட்டும் ஓடட்டும். கூடையைத் தூக்கி ஸ்பார்ஜ் முடிந்ததும், பெரிய எலிமென்ட்டைப் போடுவதற்கு முன் நீண்ட சிலிக்கான் கரண்டியால் அடித்தட்டை ஒரு வழி வழித்துவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலைக்கு ஈடான பாகம் எந்தக் கடையிலும் விற்கவில்லை.

வெப்பநிலை சென்சாரும் அடித்தட்டின் பக்கம்தான் இருக்கிறது. திரை 67 காட்டும்போது படுகையின் நடுவில் 63, 64 இருப்பது சாதாரணம். அந்த அளவு வெப்பத்தில் பீர் எதிர்பார்த்ததைவிட இனிப்புக் குறைந்து நீர்த்துப் போகும். நீண்ட கம்பியுள்ள தெர்மாமீட்டரைப் படுகையில் குத்திப் பார்த்து, வித்தியாசத்தைக் குறித்து, இலக்கை அதற்கேற்ப ஏற்றிவைக்கலாம். பாத்திரத்தைச் சுற்றி நியோப்ரீன் உறை போட்டால் வித்தியாசம் பாதியாகக் குறையும். கைப்பேசியில் அழகாக வரைபடம் காட்டும் கன்ட்ரோலர் வரைவதும் அடித்தட்டின் கதையைத்தான். படுகையில் தொங்கும் வெளி சென்சாரை இணைக்க முடிகிற மாடல் என்றால் மட்டும் அதற்குக் காசு கொடுக்கலாம்.

ஆற்றுவதுதான் இந்த ஊரின் பெரிய சிக்கல். உடன் வரும் எவர்சில்வர் சுருள் குழாயில் 29 டிகிரித் தண்ணீரை விட்டால் வோர்ட் 40 டிகிரிக்குச் சீக்கிரம் இறங்கும், 35ஐத் தொட அரை மணி ஆகும், அதற்குக் கீழே எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் வீண். வோர்ட்டும் தண்ணீரும் எதிரெதிராக ஓடும் கவுன்டர்ஃப்ளோ சில்லர் வாங்கினாலும் குழாய்த் தண்ணீரைவிடக் குளிர வைக்க முடியாது, எனவே அதை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. 40 டிகிரி வந்ததும் குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு, மீன் தொட்டிக்குப் போடும் மூழ்கு பம்ப்பை ஐஸ் வாளியில் வைத்து அந்த நீரையே சுருளில் சுற்றவிடுங்கள். 20 லிட்டரை 40லிருந்து 20க்கு இறக்கக் கணக்குப்படி 4 கிலோ ஐஸ் போதும், நடைமுறையில் 6 கிலோ வைத்துக்கொள்ளவும். வோர்ட்டை இடைவிடாமல் கிளறினால் நேரம் பாதியாகும்.

ஐஸே வேண்டாம் என்பவர்களுக்கு நார்வேயின் க்வெய்க் ஈஸ்ட் இருக்கிறது. அதில் வோஸ் என்ற வகை 35 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். குழாய்த் தண்ணீர் தரும் வெப்பநிலையிலேயே ஈஸ்ட் இடலாம், நொதிக்கக் குளிர்பெட்டியும் தேவையில்லை. ஆரஞ்சுத் தோல் வாசனை ஒட்டிக்கொள்ளும் என்பதால் சுத்தமான சுவையுள்ள லாகர் பீர் பிரியர்களுக்கு இது ஒத்துவராது. ஆஸ்திரேலியர்களின் நோ-சில் முறையும் உண்டு: கொதிக்கும் வோர்ட்டை எச்டிபிஇ பிளாஸ்டிக் கேனில் விளிம்புவரை நிரப்பி, காற்றைப் பிதுக்கி மூடி, கவிழ்த்துவைத்து, தானாக ஆற விடுவது. கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைக் கொதியில் வழக்கத்தைவிட 15 முதல் 20 நிமிடம் தள்ளிப் போட வேண்டும், இல்லையேல் கசப்பு ஏறும். மறுநாளே ஈஸ்ட் இட்டுவிடவும். காற்றில்லாத, அமிலம் குறைந்த வோர்ட்டை வாரக்கணக்கில் வைப்பது பாட்டுலிச நச்சுக்கு இடம் கொடுப்பது. மற்ற ஏல் (லாகரைவிடச் சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் பீர்) ஈஸ்ட்களுக்கு 18, 20 டிகிரி வேண்டும். பழைய குளிர்பெட்டி ஒன்று, வெளி வெப்பக் கட்டுப்படுத்தி ஒன்று. பீரின் சுவையை மாற்றியதில் இதற்கு நிகராக வேறு எந்தச் செலவையும் சொல்ல முடியாது.

ஆவி. ஒரு மணி நேரத்தில் 3 லிட்டர் தண்ணீர் சமையலறைக் காற்றில் கலக்கிறது. மேல் அலமாரியின் பலகை ஊதுவது அதனால்தான். மூடியில் ஆவிக் கண்டென்சர் பொருத்தினால், ஆவி ஒரு குழாய்க்குள் போய் நீர்த்தூறல் பட்டுக் குளிர்ந்து, வாளியில் வெந்நீராக இறங்கும். மணிக்கு 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், அதைக் கழுவ வைத்துக்கொள்ளலாம். மூடி போட்டிருப்பதால் மூன்றில் இரண்டு பங்கு சக்தியே கொதிக்குப் போதும், ஆவியாதல் 2 லிட்டருக்குக் குறையும். ஆகவே ஸ்பார்ஜ் தண்ணீரை ஒரு லிட்டர் குறைக்கவும். மூடியின் அடியில் கோக்கும் நீர் பாத்திரத்துக்குள் சொட்டாதபடி ஆவிக்குழாய் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆவியோடு வெளியேறிய வேகவைத்த சோள வாடை பீரில் திரும்ப வரும். இந்த வாடை அதிகம் வரும் பில்ஸ்னர் என்ற வெளிர் மால்ட்டுக்கு 90 நிமிடக் கொதி. 95 டிகிரி தாண்டியதும் மூடியைத் திறந்து, நுரை பொங்கி அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்கவும்.

பம்ப் நின்றால் பாதி நேரம் குற்றவாளி ஹாப்ஸ் தூள்தான். 400 மைக்ரான் ஹாப் கூடை போட்டால் தொல்லை போகும், ஆனால் கசப்பு சற்றுக் குறையும். ஹாப்ஸை ஒரு பத்து சதவீதம் கூட்டினால் சரியாகும். கொதி நடக்கும்போதே பம்ப் போட்டால் ஆவிக் குமிழி அடைத்து வெறுமனே சுற்றும். எலிமென்ட்டை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்துப் போடவும். அடைப்பு நீங்காவிட்டால் பாத்திரத்தைக் காலி செய்து, பம்ப் தலையின் நான்கு திருகுகளைக் கழற்றினால் விசிறி கையோடு வரும். அதைக் கழுவிப் பொருத்தும்போது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மடிந்தால் அங்கிருந்துதான் கசியும்.

கழுவ சோடியம் பெர்கார்பனேட்: 10 லிட்டர் 60 டிகிரித் தண்ணீருக்கு 40 கிராம், அரை மணி பம்ப்பில் சுற்றவும். அடித்தட்டில் கருமை நின்றால் அதே கரைசலை ஓரிரவு ஊறவிடலாம். வெள்ளைப் படிவுக்கு சிட்ரிக் அமிலம். இரும்பு நாரும் குளோரின் ப்ளீச்சும் எவர்சில்வரில் குழி விழவைக்கும், இரண்டும் பக்கத்தில் வரக்கூடாது. வீட்டில் எப்போதும் இருக்க வேண்டிய உதிரிகள்: பம்ப் ஓ-ரிங், கூடையின் சிலிக்கான் வளையம் இரண்டு, ஒரு மீட்டர் சிலிக்கான் குழாய். வளையம்தான் முதலில் கிழியும், அதுவும் கூடையைத் திரும்ப இறக்கும்போது ஒரு பக்கம் மடிந்து. இறக்குவதற்கு முன் அதை நனைத்துக்கொண்டால் நெடுநாள் வரும்.