தறித் தூசுக்கு நடுவே ஒரு 2500கே: ஓவர்கிளாக்கா, பழைய ஐ7-ஆ?

பொதட்டூர்பேட்டையில் எங்கள் ஸ்டுடியோவுக்கு இடது பக்கம் ஆறு விசைத்தறி, வலது பக்கம் நான்கு. காலை ஏழு மணிக்குத் தடதடக்க ஆரம்பித்தால் ராத்திரிதான் ஓயும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் கல்யாண வீடியோ எடிட்டிங். ஒரு வாரம் நம்மூர் கல்யாணம், அடுத்த வாரம் நகரி, புத்தூர் பக்கத்துத் தெலுங்குக் கல்யாணம் என்று வேலை மட்டும் குறைவதில்லை. கம்ப்யூட்டர்தான் கிழடு. 2011 ஜனவரியில் வெளிவந்த இன்டெல் ஐ5 2500கே ப்ராசஸர் சிப், அது உட்கார்ந்திருப்பது இசட்68 மதர்போர்டில்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும் வேலை) போட்டுவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தாலும் முடியாத நிலை வந்தது. புதுசு வாங்கப் பணம் இல்லை. கையில் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, இதே சிப்பை ஓவர்கிளாக் செய்வது, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. இன்னொன்று, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக ஒரு ஐ7 2600 வாங்கி அதே சாக்கெட்டில் மாட்டுவது. நான் முதல் வழிக்குப் போனேன். நகரியில் இதே தொழில் செய்யும் என் மச்சான் இரண்டாவது வழிக்குப் போனான். அவனுக்கு வேறு வழியும் இல்லை. அவனுடையது எச்61 போர்டு, அதில் மல்டிப்ளையரை (பேஸ் கிளாக் என்ற அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கிச் சிப்பின் வேகத்தைத் தரும் எண்) ஏற்ற முடியாது. பி67, இசட்68, இசட்77 போர்டும், பெயரின் கடைசியில் ‘கே’ உள்ள சிப்பும் இருந்தால்தான் இந்தப் பேச்சே. 2600கே கிடைத்தால் இரண்டு வழியும் ஒன்றாகிவிடும், அந்த அதிர்ஷ்டம் எங்களுக்கு அமையவில்லை.

வேகத்தை முதலில் பார்த்துவிடலாம், அதில் பெரிய சண்டை இல்லை. 2500கே-யில் நாலு கோர் (கணக்குப் போடும் பகுதி), நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). நாலு கோரும் முழு வேலையில் இருக்கும்போது 3.4 கிகாஹெர்ட்ஸ். நான் 4.2-ல் ஓட்டுகிறேன், 24 சதவீதம் அதிகம். ஒரு மணி நேரம் எடுத்த ரெண்டர் இப்போது 49 நிமிடத்தில் முடிகிறது. ஐ7 2600-ல் அதே நாலு கோருக்கு எட்டு த்ரெட். வீடியோ என்கோடிங்குக்கு அது நன்றாகவே உதவும். மச்சானுக்கு அதே ஃபைல் 47 நிமிடம். ஆனால் டைம்லைனை இழுத்துப் பார்ப்பது, ஆல்பம் டிசைனில் ஒரு ஃபில்டர் போடுவது போன்ற ஒற்றைக் கோர் வேலைகளில் என்னுடையது கைக்குச் சுறுசுறுப்பு. அவனுடைய டர்போ, அதாவது சிப் தானாக ஏறும் உச்ச வேகம், 3.8-க்கு மேல் ஏறாது. செலவும் ஏறக்குறைய சமம். அவன் சிப்புக்குக் கொடுத்ததை நான் ஒரு டவர் கூலருக்கும் (சிப்பின் சூட்டை இறக்கும் உயரமான ஹீட் சிங்க்கும் ஃபேனும்), சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்டுக்கும் கொடுத்தேன். விண்டோஸ் 11-க்கு இரண்டுமே தகுதி இல்லை, ஆகவே அந்தக் கணக்கிலும் சமம்தான்.

முடிவு செய்வது சூடும் தூசும். இதில்தான் நான் பாடம் படித்தேன்.

ஆரம்பத்தில் எனக்கும் ஆசை. போர்டிலேயே ஒரு தானியங்கி ஓவர்கிளாக் வசதி இருந்தது, அழுத்தினேன். 4.4-க்குப் போனது, வோல்டேஜையும் அதன் இஷ்டத்துக்கு ஏற்றிவிட்டது. அதோடு நிறுத்தாமல் நானே 4.6-க்கு இழுத்து 1.42 வோல்ட் கொடுத்தேன். அது மார்கழி மாதம். சிப்பை முழு வேலையில் வைத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருள் இரண்டு மணி நேரம் ஓடியது, ஒரு பிழை இல்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் கத்திரி வெயில் தொடங்கிய வாரம், மறுநாள் காலை கொடுக்க வேண்டிய வீடியோ. ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுப் போய்விட்டேன். ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் நீலத்திரை. முக்கால்வாசி ரெண்டர் போச்சு. பெண் வீட்டார் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டே கேபினெட்டைத் திறந்தேன். ஃபேனுக்கும் கூலரின் ஃபின் தகடுகளுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு படலம். விரல் நகத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், பஞ்சு மெத்தையிலிருந்து கிழித்த துண்டு மாதிரி ஒரே ஏடாக வந்தது. தறியிலிருந்து பறக்கும் நூல் தூசு.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சிப்பின் சூடு வேகத்தோடு நேராகக் கூடும், வோல்டேஜோடு வர்க்கமாகக் கூடும். என் சிப் சாதாரணமாக 1.20 வோல்டில் ஓடியது. 4.2-க்கு எனக்குத் தேவைப்பட்டது 1.27. வேகம் 24 சதவீதம் கூடியதற்குச் சூடு சுமார் 38 சதவீதம் கூடுகிறது. 4.6-க்கு 1.42 கொடுத்தபோது வேகம் 35 சதவீதம், சூடோ ஏறக்குறைய 90 சதவீதம். கடைசி 400 மெகாஹெர்ட்ஸுக்காக அடுப்பையே பற்றவைத்திருக்கிறேன்.

இதன் மேல் அறைச் சூட்டையும் கூட்ட வேண்டும். அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். எங்கள் கடைக்கு மேலே சிமெண்ட் ஷீட். மார்கழி ராத்திரி உள்ளே 24 டிகிரி, கத்திரி மதியம் 38. அந்த 14 டிகிரி அப்படியே சிப்பின் தலையில். மூன்று வாரத் தூசு சேர்ந்தால் இன்னும் எட்டு, பத்து. 2500கே 98 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு முன்பே, சூடேறிய சிப்புக்கு அதே வோல்டேஜ் போதாமல் போய்க் கணக்குத் தப்பும். திருத்தணி, நகரி வெயிலில் ஓவர்கிளாக் செய்கிறவர்கள் மார்கழியில் டெஸ்ட் செய்தால் அது டெஸ்டே இல்லை. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, கூலரைத் துடைக்காமல், டேபிள் ஃபேனைக் கேபினெட் பக்கம் திருப்பாமல் ஓட்டிப் பாருங்கள். அதில் 80 டிகிரிக்குள் நிற்பதுதான் உங்கள் வேகம். எனக்கு அது 4.2.

இந்த இடத்தில் “அப்படியானால் ஓவர்கிளாக் இல்லாத ஐ7-தானே நிம்மதி?” என்று கேட்கலாம். மச்சானும் இதைத்தான் மூன்று வருடமாகச் சொன்னான். “மாமா, நான் பூட்டைத் திறக்கிறேன், சுவிட்சைப் போடுகிறேன், வேலை செய்கிறேன். உங்களை மாதிரி மாசத்துக்கு ரெண்டு தடவை பிரஷ் பிடிக்க என்னால் ஆகாது.”

நியாயமாகத்தான் தெரிந்தது, போன கோடையில் அவன் ஐ7-உம் ரெண்டர் நடுவில் மந்தமாகும் வரை. சிப்பின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம், 90 டிகிரிக்கு மேலே. ஓவர்கிளாக் கிடையாது, வோல்டேஜ் ஏற்றவில்லை. அவன் சிப்போடு வந்த பழைய ஸ்டாக் கூலரையே போட்டிருந்தான். வட்டமான அலுமினிய ஹீட் சிங்க், அதன் தலையில் உட்கார்ந்த ஃபேன். தூசு ஃபேனுக்கு அடியில் சேர்கிறது, மேலே பார்த்தால் சுத்தமாகத் தெரிகிறது. ஃபேனைக் கழற்றாமல் ப்ளோயர் அடித்தால் தூசு இன்னும் உள்ளே இறங்குகிறது. மொத்தமாகக் கழற்றலாம் என்றால் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பின். திருகித் தூக்கும்போது ஒன்று பட்டென்று உடைந்தது.

என்னுடைய டவர் கூலர் போர்டுக்குப் பின்னால் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டது. 120 மில்லிமீட்டர் ஃபேனை இரண்டு கம்பி கிளிப்பில் மாட்டியிருக்கிறது. கிளிப்பை விலக்கினால் ஃபேன் கையில். பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் ஃபின்னை மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும், அப்புறம் ப்ளோயர். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தறிகெட்டுச் சுற்றிப் பேரிங் போகும். மொத்தம் எட்டு நிமிட வேலை. தெர்மல் பேஸ்ட் வருடத்துக்கு ஒரு தடவை, சித்திரைக்கு முன்னால். ஆக, பராமரிப்பு என்று பார்த்தால் ஓவர்கிளாக் செய்த என் மிஷினே சுலபம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அந்த எட்டு நிமிடத்தை ஒதுக்க மனசில்லாதவர் ஓவர்கிளாக் பக்கமே வர வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

செய்ய முடிவெடுத்தவர்களுக்குச் சில வார்த்தை. மல்டிப்ளையரை மட்டும் தொடுங்கள். பேஸ் கிளாக் 100-லேயே இருக்கட்டும். இந்தத் தலைமுறையில் சாட்டா, பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற டிஸ்க், கார்டு இணைப்புகள் எல்லாம் அதே கடிகாரத்தில் ஓடுகின்றன, அதை ஏற்றப் போய் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் அடுத்தவர் கல்யாணத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள். ஆஃப்செட் முறையில் (சிப் கேட்கும் வோல்டேஜோடு ஒரு சிறு அளவைக் கூட்டுவது) வைத்தால் சும்மா இருக்கும்போது வோல்டேஜ் தானாக இறங்கும். மல்டிப்ளையரை 38-ல் (3.8 கிகாஹெர்ட்ஸ்) தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள், ஒவ்வொரு படியிலும் அரை மணி டெஸ்ட். நீலத்திரையில் 124 என்ற எண் வந்தால் பெரும்பாலும் வோல்டேஜ் போதவில்லை என்று அர்த்தம். அதற்காக ஏற்றிக்கொண்டே போகாமல் ஒரு படி இறங்கிவிடுங்கள். 1.35 வோல்டுக்கு மேல் நான் இப்போது போவதில்லை. பூட் ஆகாமல் நின்றால் பயந்துவிட வேண்டாம், போர்டின் அமைப்புகளை அழிக்கும் சிமாஸ் ஜம்பரைப் போட்டு எடுத்தால் பழையபடி எழுந்துவிடும். முதல் வாரம் முடியும்வரை ஒரிஜினல் ஃபுட்டேஜ் வேறொரு டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

கரண்ட் விஷயத்தில் என் அனுபவம் கொஞ்சம்தான். சாயங்காலம் ஊர்த் தறி எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் தொங்கும், யுபிஎஸ் டிக் டிக் என்று அடிக்கும். 600 விஏ யுபிஎஸ் என்றால் பெரும்பாலும் 360 வாட்தான். ஓவர்கிளாக் செய்த சிப், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டும் முழு வேலையில் இருக்கும்போது கரண்ட் போனால் என்னுடையது இரண்டு தடவை ரீஸ்டார்ட் ஆனது. பெரிய யுபிஎஸ் மாற்றியபின் ஆகவில்லை. காரணம் அதுதானா, பழைய பேட்டரியா என்று பிரித்துப் பார்க்கவில்லை. சிப்பின் ஆயுள் பற்றிக் கேட்டால், 4.2-ல் மூன்று வருடம் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஏஎம்டி சிப்புகளை நான் தொட்டதில்லை.

உடைந்த பின்னோடு மச்சான் கூலரைக் கேபிள் டை போட்டுக் கட்டிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினான். போன ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட் போய், என்னுடையதைப் போலவே ஒரு டவர் கூலர் வாங்கி வந்திருக்கிறான். திங்கட்கிழமை நான்தான் மாட்டிக் கொடுத்தேன். அதே ரெண்டரில் 71 டிகிரி. பிரஷ் எங்கே வாங்கினீர்கள் மாமா என்று கேட்டான்.