தெஹிவளையில் செய்வித்த இரும்புக் கோழிக்கூடு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பின்வளவு கால்வாய்ப் பக்கம். கீரி, மரநாய், உடும்பு எல்லாம் தாராளமாக வந்து போகும். வளர்க்கிற ஐந்து பேட்டுக்கோழிகளுக்காக தெஹிவளையில் ஒரு வெல்டிங் கடையில் கூடு செய்வித்தேன்.

வலை வேலை அருமை. சாதாரணக் கோழிவலை கோழி வெளியே போகாமல் பார்க்கும், அவ்வளவுதான். மரநாய் கடித்துப் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் வலை கேட்டேன், முகம் சுளிக்காமல் போட்டுத் தந்தார்கள். கூட்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு அதே வலையை மண்ணுக்கடியில் படுக்கையாக விரித்திருக்கிறது. கீரி தோண்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கூரைதான் சரியில்லை. வெறும் தகரம். கோழிக்கு வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். மத்தியானத்தில் ஐந்தும் வாயைப் பிளந்தபடி நிற்கின்றன. கூரையடியில் காற்றுப் போக இடம் விடச் சொல்லியும் விடவில்லை. அப்புறம் நானே மேலே கிடுகு போட்டேன். கொண்டியும் லேசானது, தனியாகப் பூட்டு வாங்க வேண்டும்.

விலை 42,000 ரூபாய். செய்விப்பவர்கள் முற்பணம் கொடுக்க முன்பே காற்று இடைவெளியைப் படத்தில் வரைந்து காட்டுங்கள்.