முட்டி மாற்று: நடை ஜோர், மாடிப்படியில்தான் தகராறு

"எந்தக் கம்பெனி முட்டி போடலாம்?" என்று கேட்பவர்களுக்கு: கம்பெனியை விடுங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்து, கோபால்ட் குரோமியம் உலோக முட்டி செட்டை 54,720 ரூபாய்க்கு (ஜிஎஸ்டி தனி) இறக்கியது நல்ல காரியம்தான். ஆனால் எந்த பில்லிலும் வராத ஐட்டம் ஒன்று உண்டு: அதைப் பொருத்துகிற கோணம்.

சமதரை நடையைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். தூக்கத்தைக் கெடுத்த வலி போகிறது, வில்லாய் வளைந்த கால் நிமிர்கிறது. தகராறெல்லாம் படி இறங்கும்போதும் தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழும்போதும்தான். முட்டிச் சில்லு வெளிப்பக்கம் வழுக்குகிறது, முன்பக்கம் வலி பிடுங்குகிறது. கேட்டால் முன்பக்க எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டி "பர்ஃபெக்ட்" என்பார்கள். கால் நேராக இருக்கிறதா என்று அது சொல்லும். உலோகம் உள்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பதைச் சொல்லாது. கடுப்பே இங்கேதான்.

சில்லு ஓடும் பள்ளம் தொடை எலும்பில் மாட்டும் பாகத்தில் இருக்கிறது. அந்த எலும்பின் கீழ்முனையில் உள்ள இரு பின்முண்டுகளை வைத்து அளந்தால், அந்தப் பாகம் சுமார் 3 டிகிரி வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். முட்டி தட்டும் கால்களில் வெளி முண்டு தேய்ந்தோ சிறுத்தோ இருக்கும். அதன்மேல் கருவியைச் சாத்தி 3 டிகிரி வைத்தால், உண்மையில் உள்பக்கம் திரும்பிவிடும். அதனால் ஒயிட்சைடு கோட்டையும் (சில்லு ஓடும் பள்ளத்தின் நடுவே முன்பின்னாகப் போகும் கோடு) சரிபார்க்காமல் எலும்பை வெட்டக்கூடாது. கீழ்க்கால் எலும்பின்மேல் பொருத்தும் தட்டும் அப்படித்தான்: முட்டிக்குக் கீழே கையில் தட்டுப்படும் மேட்டின் உள் மூன்றிலொரு பங்கை நோக்க வேண்டும். இரண்டு பாகத்தின் பிழையும் ஒன்றோடொன்று கூடும். 1998இல் பெர்கர் என்ற எலும்பு மருத்துவரின் குழு சிடி ஸ்கேனில் அளந்தபோது, மொத்த உள்திருகல் 1–4 டிகிரி என்றால் சில்லு சாய்வு, 3–8 என்றால் பாதி விலகல், 7–17 என்றால் முழு விலகல் அல்லது இம்ப்ளான்ட் பழுது.

சில்லின் தடிமனும் சேட்டை செய்யும். வெட்டுமுன் 23 மி.மீ. இருந்து, அதன் பின்பக்கம் 8 மி.மீ. பிளாஸ்டிக் பட்டன் வைப்பதானால் 15 மி.மீ. எலும்பு மிஞ்ச வேண்டும். 17 மிஞ்சினால் மொத்தம் 25 ஆகி முட்டி இறுகும். 12க்குக் கீழே சீவினால் சில்லு உடையும் அபாயம். மூடுமுன் கட்டைவிரலால் பிடிக்காமல் மடக்கிப் பார்க்க வேண்டும், சில்லு தானாகப் பள்ளத்தில் ஓட வேண்டும். விலகினால் உடனே வெளிப்பக்கத் தசைநாரை வெட்டக்கூடாது. ரத்தத்தை நிறுத்தத் தொடையில் கட்டிய பட்டையே (டூர்னிக்கே) சில்லை இழுக்கலாம். அவிழ்த்துவிட்டு மறுபடி பார்ப்பதே முறை. அவசரப்பட்டு வெட்டக்கூடாது என்பதற்குக் காரணம், சில்லுக்கு ரத்தம் தரும் தமனி ஒன்று அந்த வெளிப்பக்கம்தான் ஓடுகிறது.

(உலோகமும் பிளாஸ்டிக்கும் உரசும் 'டிக் டிக்' சாதாரணம். கால் நீட்டும்போது 30–45 டிகிரியில் 'டக்'கென்று மாட்டி விடுபட்டால், சில்லுக்கு மேலே வளர்ந்த தழும்புக் கட்டியாக இருக்கலாம்.)

தொடைத் தசைப் பயிற்சி லேசான சாய்வுக்கு உதவும். திருகிப் பொருத்திய உலோகத்தை எந்தப் பிசியோதெரபியும் திருப்பாது. ஸ்கைலைன் எக்ஸ்ரே (முட்டியை மடக்கி, சில்லும் பள்ளமும் தெரிய எடுப்பது) கேளுங்கள். அதில் சில்லு சாய்ந்திருந்தால் சிடி.

நடைக்கு 5க்கு 5, படிக்கு 2. மற்ற காலுக்கும் போடலாமா? தாராளமாக. முன்பக்க எக்ஸ்ரேயை மட்டும் காட்டி அனுப்புகிற இடத்தில் வேண்டாம்.