குரோமோசோம் சோதனையா, ஹார்மோன் சோதனையா: முதலில் எது?

பிறப்புறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குழந்தை பிறந்தால், கடலூரானாலும் புதுச்சேரியானாலும் குடும்பத்தார் குரோமோசோம் முடிவுக்குத்தான் தவிப்பார்கள். உயிரைக் காப்பதோ ஹார்மோன் சோதனை.

சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் குறைபாட்டைக் காட்டிக்கொடுக்கும் 17-ஓஎச்பி என்ற ஹார்மோனின் அளவை, பிறந்து 48 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் எல்லாக் குழந்தைக்கும் கூடுதலாகவே இருக்கும். குறைமாதக் குழந்தைக்கு அதன் பிறகும் ஏமாற்றும். அட்ரினல் சுரப்பியில் பிறவிக் குறைபாடு இருந்தால், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறி, வாந்தியோடு பிள்ளை துவண்டுவிடும். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் வைத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. அந்தச் சுரப்பி தராத ஹார்மோனுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தைத் தாமதிக்கவே கூடாது.

குரோமோசோம் சோதனைக்கு ரத்தத்தைக் கட்டிப்போகாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்துள்ள குழாயில் எடுக்கவேண்டும்; வேறு குழாயில் எடுத்தால் செல் வளராமல் போகலாம். வளர்க்கவே 72 மணி நேரம் ஆகும். ரத்தத்தைப் பனிக்கட்டியாக உறையவிட்டு அனுப்பக் கூடாது. ஆணுக்குரிய எக்ஸ்ஒய் என்று வந்தாலும் அது இறுதிப் பதிலில்லை: ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனை செல்லில் வாங்கும் ஏற்பி முற்றிலும் வேலை செய்யாவிட்டால் வெளித்தோற்றம் பெண்ணுடையதாகவே இருக்கும்.

வளர்ந்தபின் பிள்ளை தன்னை யாராக உணரும்? இரண்டு சோதனையும் சொல்லாது. மூளை ஸ்கேனும் சொல்லாது. ஆண், பெண் மூளை வேறுபாடெல்லாம் சராசரிக் கணக்குதான். அதனால் பிறப்புறுப்பை மாற்றும் அவசர அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பையடுத்து, உயிராபத்து இருந்தாலொழிய குழந்தைகளுக்கு இந்த அறுவை கூடாதென்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டிருக்கிறது.